தந்தை செல்வாவும் அவரோடு முரண்பட்டவர்களும்

1961ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு யாழ்ப்பாணத்தில் வழமையான புத்தாண்டாக இருக்கவில்லை. கச்சேரி வாசலில் பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய சத்தியாக்கிரகம் அப்போது எட்டாவது வாரத்தில் நின்றது. ஏப்ரல் 14ஆம் திகதி தமிழரசுக் கட்சி தனக்கெனச் சொந்தமாக ஒரு தபால் சேவையை ஆரம்பித்தது. முத்திரையும் சொந்த முத்திரைதான். அரசாங்கத்தின் சட்டப்படி அது குற்றம். குற்றம் என்று தெரிந்துகொண்டே, பகிரங்கமாக, சனத்துக்கு முன்னால் நின்று அதைச் செய்வித்தவர் 63 வயதான ஒரு அப்புக்காத்து. மெலிந்த தேகம், சத்தமில்லாத பேச்சு, மேடையில் முழங்கத் தெரியாதவர். மூன்று நாளில் அவசரகாலச் சட்டம் வந்தது. பிறகு ஆமி வந்தது.

அவர்தான் எஸ். ஜே. வி. செல்வநாயகம். எங்கட தாய் தகப்பன்மார் தந்தை செல்வா என்று சொல்லுகிற மனிதர். 1977 ஏப்ரல் 26ஆம் திகதி அவர் காலமானார். ஆகவே புத்தாண்டு முடிந்து பன்னிரண்டு நாளில் ஒவ்வொரு வருடமும் அவருடைய நினைவு நாளும் வந்துவிடும்.

இங்கே குட்மேய்சிலோ ஈஸ்ட்ஹாமிலோ எம்மவர் நாலுபேர் கூடி ஊர்க் கதை தொடங்கினால், கடைசியில் அது செல்வநாயகத்தில் வந்து நிற்கும். அடிவாங்கிக்கொண்டு இருந்து காலத்தை வீணாக்கிப் போட்டார் எண்டு ஒருவர் சொல்லுவார். இல்லை, அவருடைய வழியிலேயே நிண்டிருந்தால் இவ்வளவு உயிர் போயிராது எண்டு இன்னொருவர். தனிநாடு எண்ட கதையை ஊருக்குள்ளே கொண்டுவந்ததே அவர்தானே எண்டு மூன்றாமவர். மூன்று பேரிடமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அந்த மூன்று கேள்வியும் அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே அவருடைய முகத்துக்கு நேரே கேட்கப்பட்டவைதான். யார் கேட்டார்கள், அவர்களோடு அவர் எப்படி நடந்துகொண்டார் என்பது தெரியாமல் அவருடைய வாழ்க்கையை விளங்கிக்கொள்ள முடியாது.

ஈப்போவிலிருந்து தெல்லிப்பழைக்கு

செல்வநாயகம் பிறந்தது இலங்கையில் அல்ல. 1898 மார்ச் 31ஆம் திகதி மலாயாவில், ஈப்போ நகரில் பிறந்தார். தகப்பனார் வேலுப்பிள்ளை பிழைப்புக்காக மலாயா போனவர். சின்ன வயதிலேயே தாயாருடன் தெல்லிப்பழைக்கு வந்து சேர்ந்தார். புலம்பெயர்ந்த தேசத்தில் பிறந்த பிள்ளைதான் அவரும் என்பதை எமது பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம்.

தெல்லிப்பழை யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரி, பிறகு கொழும்பு சென் தோமஸ் கல்லூரி என்று படிப்பு போனது. லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை இலங்கையில் இருந்தபடியே எடுத்தார். சிறிது காலம் ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டு சட்டம் படித்தார். சிவில் வழக்குகளில் கெட்டிக்காரன் என்று பெயர் வந்தது. அரசியலுக்குள் வராமல் இருந்திருந்தால் கொழும்பில் வசதியாகக் காலம் தள்ளியிருக்கலாம். கிறிஸ்தவரான அவரைச் சைவ சனம் பெரும்பான்மையாக வாழ்ந்த காங்கேசன்துறைத் தொகுதி திரும்பத் திரும்பத் தெரிவு செய்தது. அதுவும் குறிப்பிடத்தக்க விடயம்.

முதற் பிரிவு

1947இல் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் அவர் பாராளுமன்றம் போனார். தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம். நீதிமன்றத்திலும் மேடையிலும் பெரிய பேச்சாளர். அடுத்த வருடம் சுதந்திரம் கிடைத்த கையோடு குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தோட்டங்களில் தலைமுறையாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவர்களானார்கள். 1949இல் அவர்களுடைய வாக்கும் போனது.

இதற்கு என்ன செய்வது? பொன்னம்பலம் 1948இலேயே டி. எஸ். சேனநாயக்காவின் மந்திரிசபையில் சேர்ந்துவிட்டார். வெளியே நின்று கத்துவதால் ஒன்றும் வராது, உள்ளே போனால்தான் எமது பகுதிக்கு ஏதாவது கொண்டு வரலாம் என்பது அவருடைய வாதம். அது வெறும் வாய்ப்பேச்சும் அல்ல. காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி என்று தொழிற்சாலைகள் அவருடைய பெயரோடு சேர்த்துத்தான் இன்றைக்கும் சொல்லப்படுகின்றன. எத்தனை குடும்பங்கள் அவற்றால் சோறு சாப்பிட்டன! தொழிற்சாலைச் சம்பளத்தில் வீடு நடத்துகிறவன் இதை இலேசாகத் தள்ளிவிட மாட்டான்.

செல்வநாயகம் வேறு மாதிரி யோசித்தார். இன்றைக்கு மலையகத் தமிழருக்கு நடந்தது நாளைக்கு மற்றத் தமிழருக்கும் நடக்கும், அதைப் பார்த்துக்கொண்டு அந்த மந்திரிசபையோடு சேர்ந்திருக்க முடியாது என்பது அவருடைய நிலை. கு. வன்னியசிங்கம், டொக்டர் இ. மு. வி. நாகநாதன் ஆகியோரோடு பிரிந்து வந்து 1949 டிசம்பர் 18ஆம் திகதி இலங்கைத் தமிழரசுக் கட்சியை ஆரம்பித்தார். கேட்டது சமஷ்டி.

சனம் உடனே பின்னால் வந்ததா? இல்லை. 1952 தேர்தலில் காங்கேசன்துறையிலேயே ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்றுப் போனார். கட்சிக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு ஆசனம். ஆனாலும் தோற்கடித்த சனத்தை அவர் திட்டவில்லை. நாலு வருடம் ஊர் ஊராகப் போய் விளக்கம் சொன்னார். 1956இல் பத்து ஆசனம் கிடைத்தது.

அடியும் ஒப்பந்தமும்

அதே 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. ஜூன் 5ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் ஏறத்தாழ இருநூறு பேர் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். காடையர்கள் வந்து அடித்தார்கள். பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. இளம் எம்.பி.யான அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு பாராளுமன்றம் போனார்.

சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் பண்டாரநாயக்காவும் சென் தோமஸ் கல்லூரியில் படித்தவர்தான். இலங்கைக்குச் சமஷ்டி ஏற்றது என்று 1926இலேயே சொன்னவரும் அவரேதான். அவரோடு 1957 ஜூலை 26ஆம் திகதி செல்வநாயகம் ஒப்பந்தம் செய்தார். பிரதேச சபைகளும் வட கிழக்கில் தமிழில் நிர்வாகமும் அதில் இருந்தன. சமஷ்டி கேட்டவர் பிரதேச சபைக்கு இறங்கி வந்துவிட்டார் என்று தமிழர் மத்தியிலே ஏச்சு. நாட்டைப் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்று சிங்களப் பகுதியிலே ஊர்வலம். 1958 ஏப்ரலில் பிக்குமார் பிரதமரின் வீட்டு வாசலில் குந்தியிருக்க, ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதம் இனக்கலவரம். அவசரகாலச் சட்டத்தின் கீழ் தமிழரசுக் கட்சி தடைசெய்யப்பட்டது. அடிபட்ட சனத்தின் தலைவர்களையே பிடித்துத் தடுப்பில் வைத்தார்கள்.

இந்த நேரத்தில்தான் சி. சுந்தரலிங்கம் தனிநாட்டுக் கதையைக் கதைக்கத் தொடங்கினார். கணிதப் பேராசிரியராக இருந்தவர், முதலாவது மந்திரிசபையிலும் இருந்தவர். சமஷ்டி என்பது கிடைக்காத பொருள், அதைக் கேட்டு அலைவதை விட்டுவிட்டுப் பிரிந்து போவதே வழி என்பது அவருடைய வாதம். செல்வநாயகம் அதை ஏற்கவில்லை. பின்னர் 1970 தேர்தலில் சுந்தரலிங்கம் காங்கேசன்துறையிலேயே வந்து போட்டியிட்டார். செல்வநாயகம் வென்றார், சமஷ்டியைக் கேட்டுத்தான்.

சட்டத்தை நம்பியவர்களும் இருந்தார்கள். குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்த வழக்கு இங்கே லண்டன் பிரிவுக் கவுன்சில் வரை வந்து 1953இல் தோற்றது. சிங்களப் பரீட்சை எழுத மறுத்ததால் சம்பள உயர்வு நிறுத்தப்பட்ட அரசாங்க எழுதுவினைஞர் கோடீஸ்வரன், தனிச் சிங்களச் சட்டம் செல்லாது என்று வழக்குப் போட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1969இல் பிரிவுக் கவுன்சில் முக்கியமான கேள்வியைத் தீர்க்காமல் திரும்பவும் இலங்கைக்கே அனுப்பியது. அதன் பிறகு லண்டனுக்கு வருகிற வழியையே அரசாங்கம் சட்டம் போட்டு அடைத்துவிட்டது.

கச்சேரி வாசல்

இப்போது 1961க்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மறியல் மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியா என்று பரவியது. ஆண்களும் பெண்களும் கச்சேரி வாசலில் குந்தினார்கள். பொலிஸ் குண்டாந்தடியால் அடித்துப் பார்த்தது. சனம் எழும்பவில்லை. இரண்டு மாதமளவுக்கு வட கிழக்கில் அரசாங்க நிர்வாகம் படுத்துவிட்டது. தபால் சேவை அதற்கு அடுத்த படி. ஏப்ரல் 17ஆம் திகதி அவசரகாலச் சட்டம், ஊரடங்கு, இராணுவம். தலைவர்களைப் பனாகொடை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஆறு மாதமளவில் அங்கே வைத்திருந்தார்கள்.

பயன் என்ன என்று கேட்டால், அந்த நேரம் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. சத்தியாக்கிரகம் வெட்கப்படத் தெரிந்த அரசாங்கத்திடம்தான் பலிக்கும் என்று இடதுசாரிகள் சொன்னார்கள். சிங்களத் தொழிலாளியோடு சேராமல் தமிழன் தனிய நின்று வெல்ல முடியாது என்பது அவர்களுடைய வாதம். அவர்களிடம் இன்னொரு கேள்வியும் இருந்தது. கொழும்பிடம் உரிமை கேட்கிற கட்சி, ஊருக்குள்ளே சாதியால் ஒடுக்கப்பட்ட சனத்துக்கு என்ன செய்தது? 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் நுழையப் போன சனத்தை வாசலில் மறித்தவர் சுந்தரலிங்கம். அந்தக் கோயில் இருப்பது செல்வநாயகத்தின் தொகுதியில். ஆலயப் பிரவேசப் போராட்டத்தில் தமிழரசுக் கட்சி முன்னுக்கு நிற்கவில்லை என்ற குறை இன்று வரை இருக்கிறது. அது நியாயமான குறைதான்.

உலகத்தில் மற்ற இடங்களிலும் அப்போது இதே வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. அதே 1961 டிசம்பரில் தென்னாபிரிக்காவின் ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸ் தலைவர் அல்பர்ட் லுத்துலி அகிம்சைக்காக நோபல் சமாதானப் பரிசு வாங்கினார். சில நாட்களில் அதே அமைப்பைச் சேர்ந்த நெல்சன் மண்டேலாவும் தோழர்களும் ஆயுதப் பிரிவைத் தொடக்கினார்கள். இரண்டு பேரும் ஒரே அமைப்பில்தான் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கவும் இல்லை, தொலைத்துக் கட்டவும் இல்லை.

கூடிப் பார்த்ததும் விலகியதும்

1965 மார்ச் 24ஆம் திகதி செல்வநாயகம் டட்லி சேனநாயக்காவோடு இன்னொரு ஒப்பந்தம் செய்தார். இந்தமுறை கட்சி அரசாங்கத்தோடேயே கூடியது. மு. திருச்செல்வம் மந்திரியானார். பொன்னம்பலத்தை விட்டுப் பிரிந்தவர், பதினாறு வருடத்துக்குப் பிறகு பொன்னம்பலம் போன பாதையிலே தானும் கொஞ்சத் தூரம் போய்ப் பார்த்தார் என்று சொல்லலாம். மாவட்ட சபைச் சட்டம் 1968இல் கைவிடப்பட்டது. கட்சி வெளியே வந்தது. இந்தக் கூட்டே பிழை என்று சொல்லி ஊர்காவற்றுறை எம்.பி. வி. நவரத்தினம் பிரிந்து போய்த் தமிழர் சுயாட்சிக் கழகத்தைத் தொடங்கினார். 1970இல் சனம் அவரையும் தோற்கடித்தது.

பிறகு வந்த காலம் இன்னும் மோசம். 1971இல் ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்குகிறோம் என்று ஆயிரக்கணக்கான சிங்களப் பெடியளை அரசாங்கம் கொன்று குவித்தது. அன்று போட்ட அவசரகாலச் சட்டம் 1977 வரை எடுக்கப்படவில்லை. 1972 மே 22ஆம் திகதி புதிய குடியரசு அரசியலமைப்பு வந்தது. சிறுபான்மையினருக்கு இருந்த பாதுகாப்புப் பிரிவும் அதோடு போனது. பாராளுமன்றம் தன்னுடைய ஆயுளையும் தானே நீட்டிக்கொண்டது.

அதற்கு எட்டு நாள் முன்னர் திருகோணமலையில் தமிழர் கூட்டணி உருவானது. ஒரு பக்கத்தில் செல்வநாயகம், மறுபக்கத்தில் இருபத்துமூன்று வருடமாக எதிராளியாக இருந்த பொன்னம்பலம், கூடவே மலையகத்தின் தொண்டமான். அந்த மேடைக்கு மூவரும் வந்து சேர்ந்ததற்குக் காரணம், முன்பு சொன்ன எந்தச் சொல்லும் திரும்பி வர முடியாத சொல்லாக இருக்கவில்லை என்பதுதான்.

1972 ஒக்டோபர் 3ஆம் திகதி செல்வநாயகம் தனது ஆசனத்தை இராஜினாமாச் செய்தார். புதிய அரசியலமைப்பைத் தமிழ்ச் சனம் ஏற்கிறதா இல்லையா என்பதைக் காங்கேசன்துறை மக்களே வாக்குப் போட்டுச் சொல்லட்டும் என்பதுதான் சவால். அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு மேலாக அந்த இடைத்தேர்தலை நடத்தாமல் இழுத்தடித்தது. சத்தியாக்கிரகத்தை ஆமியைக் கொண்டு எழுப்பலாம். ஒரு தொகுதிச் சனம் வாக்குப் பெட்டியில் போடுவதற்கு என்ன பதில் சொல்லுவது? அதனால்தான் அந்தப் பயம்.

அந்த இடைவெளியில் யாழ்ப்பாணம் மாறிப் போனது. தரப்படுத்தலால் பல்கலைக்கழகம் போக முடியாத பெடியளுக்குப் பொறுமை இல்லை. 1974 ஜனவரி 10ஆம் திகதி தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் பொலிஸ் புகுந்ததில் ஒன்பது உயிர் போனது. ஜூன் 5ஆம் திகதி உரும்பிராய்ச் சிவகுமாரன் பொலிசாரிடம் பிடிபட்டபோது நஞ்சருந்திச் செத்தார். கிழவர்மாரின் மறியலை நம்பிப் பிரயோசனமில்லை எண்டு பெடியள் வெளிப்படையாகக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஒருவழியாக 1975 பெப்ரவரி 6ஆம் திகதி இடைத்தேர்தல் நடந்தது. எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம். பிரிவினை வேண்டாம், இடதுசாரிகளோடு நின்று பிரதேச சுயாட்சி கேட்போம் என்று பிரசாரம் செய்தார். அவருக்கும் ஒன்பதாயிரத்துக்கு மேல் வாக்கு விழுந்தது. செல்வநாயகம் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பெரும்பான்மையால் வென்றார். அந்த வாக்கைத் தனி அரசுக்கான ஆணையாக அவர் எடுத்துக்கொண்டார். 1976 மே 14ஆம் திகதி வட்டுக்கோட்டைத் தீர்மானம் அதிலிருந்துதான் வந்தது. சுந்தரலிங்கம் முதலில் சொன்ன இடத்துக்கு அவர் வந்து சேர இரண்டு பத்தாண்டு அளவில் ஆனது.

ஒரு வழக்கு, ஒரு சொல்

தீர்மானத்துக்குச் சில நாட்களில் துண்டுப்பிரசுரம் கொடுத்த குற்றத்துக்காக அமிர்தலிங்கம், மு. சிவசிதம்பரம், வி. தர்மலிங்கம் முதலியோரைக் கைது செய்து, யூரிமார் இல்லாத ட்ரயல் அட் பார் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அறுபதுக்கு மேற்பட்ட சட்டத்தரணிகள் அவர்களுக்காக வந்து நின்றார்கள். அதிலே ஜி. ஜி. பொன்னம்பலமும் ஒருவர். தன்னை வருடக்கணக்காக மேடையில் கிழித்த அமிர்தலிங்கத்துக்காக, வயது போன காலத்தில் அவர் எழும்பி வாதாடினார். கடைசியில் எல்லோரும் விடுதலையானார்கள். 1977 பெப்ரவரியில் பொன்னம்பலம் காலமானார். இரண்டரை மாதத்தில் செல்வநாயகமும் போய்விட்டார். யாழ்ப்பாணம் முற்றவெளியில் அவருக்குத் தூண் எழுப்பப்பட்டிருக்கிறது.

இத்தோடு முடித்தால் இது வெறும் புகழ்மாலையாகிவிடும். இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். செல்வநாயகம் தன் வாயால் யாரையும் தூற்றுகிற மனிதர் அல்ல. ஆனால் அவருடைய கட்சி மேடைகளிலே துரோகி என்ற சொல் தாராளமாக விழுந்தது. கைதட்டலும் விழுந்தது. 1975 ஜூலை 27ஆம் திகதி யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசாங்கத்தோடு நின்று ஊருக்கு வேலை செய்யலாம் என்பது அவருடைய வழி. அது பிழையாகவே இருக்கட்டும். 1948இல் பொன்னம்பலம் போன வழியும் அதுதானே. பொன்னம்பலத்தைச் சனம் வாக்கால் தண்டித்தது. துரையப்பாவைத் துவக்கால் தண்டித்தார்கள். கட்சியில் எல்லோரும் மதித்த பெரியவர் அந்தச் சொல்லை மேடைகளில் முன்னரே நிறுத்தியிருக்க வேண்டும் என்பது எனது கருத்து.

ஏனென்றால் அந்தச் சொல் அங்கே நிற்கவில்லை. ட்ரயல் அட் பாரிலே எதிரிக் கூண்டில் நின்ற தர்மலிங்கத்தை 1985இல் தமிழ் ஆயுததாரிகளே கொன்றார்கள். 1989 ஜூலை 13ஆம் திகதி கொழும்பில் அமிர்தலிங்கத்தைக் கொன்றதும் தமிழர்தான். பக்கத்தில் இருந்த சிவசிதம்பரம் காயத்தோடு தப்பினார். அரசாங்கம் போட்ட வழக்கில் தப்பியவர்களை எமது ஆட்களின் துவக்கு தப்பவிடவில்லை. அதன் பிறகு 2009 வரை நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆமிக்குப் பயந்து ஓடி வந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். எமது ஆட்களுக்கே பயந்து ஓடி வந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தும் அதைப்பற்றி ஒருவருக்கொருவர் கதைக்காமல் எத்தனையோ வருடம் போய்விட்டது.

அடக்குமுறைக்கு எது சரியான பதில் என்று செல்வநாயகத்தின் வாழ்க்கை ஒரே முடிவாகச் சொல்லித் தராது. அவரே மறியல் இருந்தார், கையொப்பம் வைத்தார், அரசாங்கத்தோடு கூடினார், விலகினார், கடைசியில் தனி அரசு கேட்டார். வழி மாறும்போதெல்லாம் பெரும்பாலும் வாக்குப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். மற்றவர்களைப் படுக்கச் சொன்ன தெருவில் தானும் போய்ப் படுத்தார். எதிர்த்து நின்றவர்கள் எல்லோரும் தேர்தல் முடிந்து உயிரோடு வீட்டுக்குப் போனார்கள். இந்த மூன்றையும் நாங்கள் பின்னர் தொலைத்துவிட்டோம்.

எங்கட பிள்ளைகள் இப்போது பெரிய வகுப்புப் படிக்கிறார்கள். ஏன் அப்பா இங்கே வந்தீர்கள், ஏன் சண்டை வந்தது என்று கேட்கிறார்கள். இந்த ஏப்ரல் 26ஆம் திகதி செல்வநாயகத்தைப் பற்றிச் சொல்லும்போது பொன்னம்பலத்தைப் பற்றியும், சுந்தரலிங்கத்தைப் பற்றியும், நவரத்தினத்தைப் பற்றியும், மாவிட்டபுர வாசலில் நின்ற சனத்தைப் பற்றியும், துரையப்பாவைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்கள். மண்டபத்திலே அடுத்தமுறை இந்தக் கதை வந்து வாக்குவாதம் சூடாகும்போது, நல்லாச் சண்டை பிடியுங்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுக்காதீர்கள்.